நடுத்தர செடான்: விலையைக் குறைக்கும் குறையும் பேரத்தை முறிக்கும் குறையும்

எஞ்சின், பயணிகள் அமரும் பகுதி, பொருள் வைக்கும் டிக்கி ஆகிய மூன்றும் தனித்தனிப் பெட்டிகளாகத் தோன்றும் காரைச் செடான் என்பர். அவற்றுள் நடுத்தரம் எது என்பதை இந்தியாவில் பொறியாளர்களைவிட வரித்துறையே அதிகம் தீர்மானித்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, நீளம் நான்கு மீட்டரையும் எஞ்சின் கொள்ளளவு பெட்ரோலில் 1200 சி.சி.யையும் டீசலில் 1500 சி.சி.யையும் தாண்டாத கார்களைச் சிறிய கார்கள் என வகுத்து அவற்றின் உற்பத்தி வரியைக் குறைத்தது. அந்தச் சலுகையைப் பெறுவதற்காகவே டிக்கியைக் குறுக்கி நான்கு மீட்டருக்குள் அடக்கிய செடான்கள், 2008இல் வந்த டாடா இண்டிகோ சி.எஸ். தொடங்கி, பின்னர் டிசையர் போன்றவையாகப் பெருகின. அந்த வரம்பைப் பொருட்படுத்தாமல் ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளத்தோடும், பெரும்பாலும் ஒன்றரை லிட்டர் எஞ்சினோடும் அமைந்த ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, மாருதி சியாஸ், ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகியவையே நடுத்தர செடான்கள் என்று சந்தையில் அறியப்படுகின்றன.

இவ்வகைக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1998இல் ஹோண்டா சிட்டி வட இந்தியத் தொழிற்சாலையிலிருந்து சாலைக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்டும் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகானும் வந்தன. பின்னாளில் ஒரகடத்திலிருந்து நிசான் சன்னி வந்தது. சம்பளக்காரக் குடும்பம் சிறிய காரிலிருந்து ஏறிச்செல்லும் அடுத்த படியாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விளங்கிய இந்த வகையை, தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் எஸ்யூவி கார்கள் இன்று ஓரங்கட்டிவிட்டன. சன்னி 2020இலும் டொயோட்டா யாரிஸ் 2021இலும் சியாஸ் 2025இலும் விற்பனையிலிருந்து விலகியதற்குக் காரணம் அவை மோசமான வண்டிகள் என்பதல்ல. வாங்குவோரின் கண் வேறு பக்கம் திரும்பியதே. புதிய செடான் வாங்குபவருக்கு இது மறுவிற்பனை குறித்த கவலையைத் தருகிறது என்றால், பழைய செடான் தேடுபவருக்கு அதே காரணம் அனுகூலமாகிறது. ஒரே தொகைக்கு எஸ்யூவியில் கிடைப்பதைவிட அதிக இடமும் நல்ல எஞ்சினும் குறைந்த வயதும் செடானில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

புதிய காரின் விலையைப் புரிந்துகொள்ள வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகவும் ஏனைய கார்களுக்கு 40 விழுக்காடாகவும் மாற்றப்பட்டது. அதற்கு முன்பு, செஸ் எனப்படும் கூடுதல் தீர்வையையும் சேர்த்துச் சிறிய பெட்ரோல் காருக்கு 29 விழுக்காடும் நடுத்தர செடானுக்கு 45 விழுக்காடும் இருந்தன. இரண்டுக்கும் வரி குறைந்திருப்பது உண்மைதான் என்றாலும், இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 16 புள்ளிகளிலிருந்து 22 புள்ளிகளாக விரிந்திருப்பதால், நான்கு மீட்டருக்குள் அடங்கும் செடானைத் தாண்டிப் பெரியதை எடுப்பதற்கான கூடுதல் செலவு முன்னைவிட அதிகமாகியிருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதன்மேல் மாநில அரசின் ஆயுட்கால வரி வருகிறது. வண்டியைப் பதிவு செய்யும்போது பதினைந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே தவணையில் கட்டும் இந்த வரி, தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்டபோது, ஐந்து முதல் பத்து லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு 13 விழுக்காடாகவும், பத்து முதல் இருபது லட்சம் வரையிலானவற்றுக்கு 18 விழுக்காடாகவும் ஆனது. வருமான வரியைப் போல வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழு விலைக்கும் இந்த விகிதம் பொருந்துவதால், 9,95,000 ரூபாய்க் காருக்கு 1,29,350 ரூபாய் வரி என்றால், 10,05,000 ரூபாய்க் காருக்கு அது 1,80,900 ரூபாய் ஆகிறது. விலையில் பத்தாயிரம் கூடியதற்கு வரியில் ஐம்பத்தோராயிரத்துக்கும் மேல் கூடுகிறது. மேற்கூரைக் கண்ணாடிக்கோ பெரிய தொடுதிரைக்கோ ஆசைப்பட்டு அடுத்த வகைக்குத் தாவும் குடும்பம், அந்தத் தாவல் பத்து லட்சக் கோட்டைக் கடக்கிறதா என்பதை விற்பனையாளரிடம் முதலில் கேட்டறிவது நல்லது.

புதிய கார் எவ்வளவு வேகமாக மதிப்பிழக்கிறது என்பதற்குக் காப்பீட்டுத் துறையின் அளவுகோலே எளிய சான்று. ஐ.டி.வி. என்பது வண்டி முழுவதுமாக அழிந்தாலோ திருடு போனாலோ நிறுவனம் ஈடு செய்யும் உச்சத் தொகை. அது உற்பத்தியாளரின் பட்டியல் விலையிலிருந்து முதல் ஆறு மாதங்களில் 5 விழுக்காடும், ஓராண்டுக்குள் 15 விழுக்காடும், அதன்பின் ஆண்டுவாரியாக 20, 30, 40 எனவும், நான்கைத் தாண்டி ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் 50 விழுக்காடும் கழிக்கப்பட்டுக் கணக்கிடப்படுகிறது. பன்னிரண்டு லட்சம் ரூபாய்ப் பட்டியல் விலையுள்ள செடான் ஐந்தாண்டில் காகிதக் கணக்கில் ஆறு லட்சமாகிறது. சந்தை விலை வண்டியின் பெயரையும் நிலையையும் பொறுத்து அதற்கு மேலும் கீழும் அமையும். ஆனால் முதல் உரிமையாளர் கட்டிய 2,16,000 ரூபாய் ஆயுட்கால வரியில் இன்னும் பத்தாண்டுக்கான பகுதி அந்த வண்டியோடு ஒட்டியே வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே மாநிலத்தில் பதிவான பழைய காரை வாங்குவதன் மறைமுக இலாபம் இதுவே. மதிப்பு மிகுதியும் இறங்கி முடித்து, எஞ்சினின் ஆயுள் பெரும்பகுதி எஞ்சியிருக்கும் நான்கு முதல் ஆறு வயதுப் பெட்ரோல் செடானே செலவை எண்ணும் குடும்பத்துக்குப் பொருத்தமானது என்று கூறுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கூற்று நிற்க வேண்டுமானால் வண்டியை மதிப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய காரின் குறைகள் இரு வகைப்படும். தேய்ந்த டயர், வலுவிழந்த பேட்டரி, கறைபடிந்த இருக்கை உறை, கதவில் விழுந்த கீறல், கனத்துப்போன கிளட்ச் ஆகியவை பணம் கொடுத்தால் தீரும் குறைகள். அவை விலையைக் குறைக்கக் கேட்பதற்கான காரணங்களே தவிர, வண்டியை வேண்டாம் என்பதற்கான காரணங்கள் அல்ல. வளைந்த உடற்கூடு, வெள்ளத்தில் மூழ்கிய மின் இணைப்புகள், சிக்கலான ஆவணங்கள் ஆகியவை எவ்வளவு பணம் கொடுத்தாலும் முழுமையாகத் தீராத குறைகள். அவை தென்பட்டால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், விற்பவர் பாலிஷ் போட்டும் இருக்கை உறை மாற்றியும் டயருக்குக் கறுப்பு மெருகு பூசியும் முதல் வகைக் குறைகளை மறைக்கவே செலவிடுகிறார். வாங்குபவரும் அவற்றைப் பார்த்தே மயங்கவோ முகம் சுளிக்கவோ செய்கிறார். இரண்டாம் வகையை இருவருமே பேசுவதில்லை.

இக்கால செடான்கள் மோனோகாக் முறையில் கட்டப்படுகின்றன. அதாவது லாரியில் உள்ளது போலத் தனிச் சட்டம் ஒன்றின்மேல் உடலைப் பொருத்தாமல், உடற்கூடே எடையையும் அதிர்வையும் தாங்குமாறு தகடுகளைப் பற்றவைத்து உருவாக்கும் முறை இது. மோதலின் விசையை எந்த இடத்தில் மடிந்து உள்வாங்க வேண்டும், எந்த இடத்தில் வளையாமல் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருப்பதால், கதவுகளுக்கு இடைப்பட்ட தூண்களோ எஞ்சினைத் தாங்கும் முன்புற நீள்சட்டங்களோ ஒருமுறை வளைந்து, சூடேற்றி நிமிர்த்தப்பட்டால், வெளியே பெயின்ட் எவ்வளவு சீராக இருந்தாலும் உருக்கின் பழைய உறுதி மீள்வதில்லை. இதைக் கண்டறிய பானெட்டின் கீல்களிலும் முன் மட்கார்டிலும் உள்ள போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்டு உதிர்ந்த பெயின்ட் உள்ளதா, இருபுற இடைவெளிகளும் ஒரே அகலத்தில் ஓடுகின்றனவா, டிக்கித் தளத்தில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடித்தகடு சுருங்கியோ மறுபற்றவைப்போடோ தெரிகிறதா எனப் பார்க்கலாம். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பாளரின் குறியீடும் ஆண்டைக் காட்டும் குறியும் இருக்கும். ஒன்று மட்டும் வேறுபட்டிருந்தால் அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். பம்பர் மாற்றியதோ கதவுக்கு டிங்கரிங் செய்ததோ நகர வாழ்வில் இயல்பு. அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

வெள்ளம் பட்ட கார்கள் தமிழ்நாட்டு வாங்குவோர் தனியாக அஞ்ச வேண்டிய ஒன்று. 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யை நெருங்கும் வண்டிகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாகக் கருதி ஈடு வழங்குகின்றன. எஞ்சிய வண்டி ஏலத்தில் போய், துடைத்துத் துலக்கப்பட்டு, வேறு ஊரில் புதுப் பொலிவோடு விற்பனைக்கு வருவது உண்டு. நீர் தேங்கிய சாலையில் ஓட்டும்போது காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் நீர் புகுந்தால், காற்றைப் போல நீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடுகிறது. அது உடனே தெரிந்துவிடும் சேதம். அதைவிடக் கொடியது, கம்பி இணைப்புகளிலும் கணினிப் பெட்டிகளிலும் ஏர்பேக் உணரிகளிலும் மெல்லப் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் சேதம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை, இருக்கைத் தண்டவாளங்களில் துரு, ஃபியூஸ் பெட்டியின் மூலைகளில் வண்டல், தரை விரிப்புக்கு அடியில் ஈர நெடி ஆகியவை காட்டிக்கொடுக்கும். உள்ளே நறுமணத் திரவம் மூக்கைத் துளைக்கும் வண்டியை இருமடங்கு கவனத்தோடு பார்ப்பது நல்லது.

காப்பீட்டுப் பத்திரமும் ஒரு சாட்சியே. ஓராண்டு இழப்பீடு கோராமல் கழிந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் 20 விழுக்காடும், தொடர்ந்து கோராதிருந்தால் 25, 35, 45, 50 விழுக்காடு வரையும் தள்ளுபடி தரப்படுகிறது. நோ கிளெய்ம் போனஸ் என்பது இதுவே. நான்கு வயதான, ஒரே உரிமையாளர் வைத்திருக்கும் வண்டியின் நடப்புப் பத்திரத்தில் இந்தத் தள்ளுபடி பூஜ்யமாக இருந்தால், அண்மையில் ஓர் இழப்பீடு பெறப்பட்டிருக்கிறது, அல்லது காப்பீடு இடையில் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். எதற்காக என்ற கேள்விக்குச் சர்வீஸ் நிலையத்தின் பதிவேடு விடை தரும்.

எஞ்சினைச் சோதிக்க அது குளிர்ந்திருக்கும் காலை நேரமே ஏற்றது. வாங்குபவர் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைப்பது ஒரு பழைய தந்திரம் என்பதால், சாவி போடுவதற்கு முன் பானெட்டைத் தொட்டுப் பார்க்கலாம். புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை தொடர்ந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தது போன்ற படிவு இருந்தாலும் கசிவையே ஐயுற வேண்டும். நண்பகல் வெயிலில் வண்டியை நிறுத்திய நிலையில் ஏ.சி.யைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது, ரேடியேட்டர் விசிறி, கம்ப்ரசர், எஞ்சின் வெப்பநிலை மூன்றையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடும்.

எரிபொருளைப் பொறுத்தவரை டீசல் செடானின் காலம் முடிந்துவிட்டது எனலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது சியாஸ் டீசலும், சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் கடுமையான விதிகள் வந்த 2023இல் சிட்டி, வெர்னா டீசல்களும் நின்றன. பழைய சந்தையில் அவை குறைந்த எரிபொருள் செலவின் கவர்ச்சியோடு நிற்கின்றன. மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடும் குடும்பத்துக்கு அவை இன்றும் பொருந்தும். பள்ளிக்கும் கடைக்குமாக ஓட்டுபவருக்கு அவை பொருந்தா. பி.எஸ். 6 டீசலில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, நீண்ட ஓட்டத்தின் வெப்பத்தில்தான் தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் என்பதால், குறுந்தொலைவு ஓட்டத்தில் அடைத்துக்கொள்கிறது. பெட்ரோல் காரில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது பரவலாகிவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய பல வண்டிகள் அதற்கென வடிவமைக்கப்படாதவை. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும். பழைய ரப்பர் குழாய்களையும் அடைப்புகளையும் சர்வீஸின்போது பார்த்து மாற்ற வேண்டிவரும்.

தானியங்கி கியரில் வகை அறிந்து வாங்க வேண்டும். சிட்டியில் உள்ள சி.வி.டி., படிகள் இல்லாமல் இரு உருளைகளுக்கு இடையே பட்டையை நகர்த்தி வேக விகிதத்தை மாற்றுவது. மென்மையானது, ஆனால் அதற்குரிய திரவத்தைக் காலத்தில் மாற்றியிருக்க வேண்டும். இரட்டை கிளட்ச் வகை விரைவானது. ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் கொண்டவை, ஊர்ந்து செல்லும் நெரிசலில் சூடேறித் தேய்கின்றன. நெரிசலான சாலையில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் இவற்றைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

ஓடிய தொலைவைக் காட்டும் மீட்டரைத் திருத்துவது கடினமான வேலையன்று. நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்ல, பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுப்பாகவும் ஸ்டியரிங் தோல் மினுமினுப்பாகவும் இருந்தால் மீட்டரை நம்ப வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். 2021 தொடக்கத்தில் பதிவான, முப்பதாயிரமே ஓடியதாகச் சொல்லப்படும் காரில் நான்கு டயர்களும் 2024ஆம் ஆண்டினவாக இருந்தால் பழைய டயர்கள் ஏன் போயின என்பதற்கு விளக்கம் வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஆண்டுகளே வழிகாட்டி. பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது; ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலும், முன்னிருக்கைப் பயணிக்கான ஏர்பேக் 2021 இறுதிக்குள்ளும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய அடிப்படை வகைகளில் இவை இல்லாமல் போகலாம். விர்டஸ், ஸ்லாவியா, 2023இன் புதிய வெர்னா ஆகியவை குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. பழைய சிட்டி வாங்குவோர், தகாதா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக் பாகத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் அதுவும் ஒன்றா, பாகம் மாற்றப்பட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொண்டு ஹோண்டாவின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டறியலாம்.

குடும்பத்துக்குப் பொருந்துமா என்பதைக் குடும்பமே ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிட்டியின் டிக்கி 506 லிட்டர், சியாஸ் 510, புதிய வெர்னா 528 என எண்கள் நெருக்கமாக இருப்பதால் அவற்றை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. செடானின் தாழ்ந்த இருக்கையிலிருந்து மூட்டு வலியுள்ள முதியவர் எழுந்து வெளியே வருவது எளிதா என்பதே முக்கியமான சோதனை. ஐந்து பேரும் சுமையும் ஏறிய பின், தெருமுனை வேகத்தடையில் அடித்தட்டு உரசுகிறதா என்பது அடுத்தது. 165 மில்லிமீட்டர் தரை இடைவெளி என்று கையேடு சொல்வது சுமை ஏற்றாத நிலையில்.

ஆவணங்களில் வரும் குறை மிக நீண்ட நாள் துன்பம் தருவது. உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 29, வாங்குபவர் விண்ணப்பிக்கும் படிவம் 30, கடன் முடிந்ததற்கான படிவம் 35, வேறு மாநில வண்டியாயின் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28 ஆகியவற்றை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும்வரை, கடனைக் கட்டி முடித்தாயிற்று என்ற வாய்மொழிக்கு மதிப்பில்லை. நாட்டின் தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசலையும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோலையும் தடைசெய்த தேசியப் பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபின், அங்கிருந்து மலிவான செடான்கள் தெற்கே வருவது பெருகியது. விலை குறைவுதான், ஆனால் தடையில்லாச் சான்று, மறுபதிவு, வயதுக்கேற்ற ஆயுட்கால வரி ஆகியவற்றைக் கூட்டினால் அந்த மலிவில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பதிவேட்டில் பெயர் மாற்றாமல் கைமாறிய கார் விபத்தில் சிக்கிய வழக்கொன்றில், பதிவேட்டில் உள்ளவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெற்றுத் தாளில் கையொப்பமிட்டுப் புரோக்கரிடம் சாவியைக் கொடுக்கும் வழக்கம் இதனால்தான் இருவருக்கும் கேடானது. காப்பீட்டை 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றாத வாங்குபவருக்கு, தம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு ஈடு மறுக்கப்படலாம். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸும் அவரோடே போய்விடும் என்பதால் கட்டணம் கூடும் என்பதையும் முன்பே கணக்கிட வேண்டும்.

கடைசியாக விலை. விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை லிப்ட்டில் ஏற்றிக் காட்டி, டயர், பேட்டரி, கிளட்ச் செட், ஷாக் அப்சார்பர், அடுத்த பெரிய சர்வீஸ் ஆகியவற்றுக்கு ஆகும் தொகையைத் தாளில் எழுதி வாங்கி, அதே வயது, அதே வகை வண்டிகள் சில என்ன விலைக்குக் கேட்கப்படுகின்றன என்பதோடு ஒப்பிட்டு, அந்தத் தொகையைக் கழித்துப் பேச வேண்டும். இசைவு ஏற்பட்டால் முன்பணத்தைச் சிறிதாகக் கொடுத்து, கடன் நீக்கமோ தடையில்லாச் சான்றோ குறித்த நாளுக்குள் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்ற வரியை ரசீதிலேயே எழுதி வாங்குவதும், மீதியை வங்கிக் கணக்கின் வழியாக மட்டுமே செலுத்துவதும் வழக்கமாக வேண்டும். அந்த ஒரு வரியை எழுதித் தரத் தயங்கும் விற்பனையாளரின் வண்டி எவ்வளவு பளபளத்தாலும், அதே ஊரில் வேறு சிட்டியும் வேறு வெர்னாவும் விற்பனைக்கு இருக்கும்.